அந்த மேம்பாலத்தைப் பற்றி முதலில் பேசுவோம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 48 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஏழு மாதத்துக்கு முன் கியர் சைக்கிள் வாங்கி, வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் திருமயம் வரை போய்த் திரும்புகிறார். 91 கிலோவாக இருந்த எடை 84-க்கு வந்திருக்கிறது. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கும் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு நண்பர்களோடு பெயர் கொடுத்திருக்கிறார். ஏற்றம் மொத்தம் 1,100 மீட்டர், மேலே போய்ச் சேர மூன்றரை மணி நேரம் அவகாசம் என்று அமைப்பாளர்கள் தந்த தாளில் இருக்கிறதாம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை 'பார்டரில்' இருக்கிறது. அப்பா 52 வயதில் மாரடைப்பில் காலமாகிவிட்டார். தனக்குப் புகைப் பழக்கம் இல்லை. இரண்டு மாதமாக வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது.

கேள்விகள் நிறைய. நம் ஊரில் மலையே இல்லையே, எப்படிப் பழகுவது? அறுபதாயிரம் செலவு செய்து மூன்று கிலோ எடை குறைந்த சைக்கிள் வாங்கலாமா? அன்று காலை பிரஷர் மாத்திரையை விட்டுவிடு, கிளம்பும்போது ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள், ஏறும்போது தண்ணீர் குடிக்காதே, மூச்சுக்குக் கற்பூரம் வைத்துக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். இதெல்லாம் சரியா? உடற்தகுதிச் சான்றிதழ் நீங்களே தர முடியுமா? "எட்டு வருஷம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை நடந்தவன் நான், தெம்புக்குக் குறைவில்லை" என்றும் எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இப்படி நாலு வரி: "இன்னொன்று, சின்ன விஷயம்தான். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது மட்டும் நெஞ்சுக்கு நடுவில் ஒரு இறுக்கம் வருகிறது. இறங்கி ரெண்டு நிமிஷம் மெதுவாகப் போனால் போய்விடுகிறது. வாயு என்றுதான் நினைக்கிறேன். போன மாசம் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் சைக்கிளை விற்கச் சொல்வாள்."

அன்புள்ள வாசகருக்கு,

ஏழு மாதத்தில் ஏழு கிலோ குறைத்திருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து சைக்கிளை வெளியே எடுக்கும் பழக்கத்தை இந்த வயதில் உண்டாக்கிக்கொள்வது எளிதல்ல. அதற்காக மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உங்கள் கேள்விகளைக் கீழிருந்து மேலாகத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நீங்கள் சின்ன விஷயம் என்று கடைசியில் எழுதியதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம்.

மேம்பாலம் சொல்வது

வேகமாக வேலை செய்யும்போது வந்து, வேலையைக் குறைத்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும் நெஞ்சு இறுக்கத்தை, வேறு காரணம் என்று நிரூபணம் ஆகும்வரை இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பாகவே கருத வேண்டும். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. வாயுவுக்கு மேம்பாலம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சாப்பிட்ட பிறகு வரும், குனிந்தால் வரும், படுத்தால் வரும். ஏறும்போது மட்டும் வந்து, இறங்கியதும் போனால் அது வாயுவின் குணம் இல்லை. உழைக்கும் இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது. குழாய் குறுகியிருந்தால் அந்தக் கூடுதல் போய்ச் சேராது. சமதரையில் போதுமானதாக இருக்கும் ரத்தம் ஏற்றத்தில் பற்றாமல் போகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைப் பக்கமிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டு மாடிப்படி ஏறினால் 'வாயு அடைக்குது' என்றார். சட்டைப் பையில் பாதி தீர்ந்த ஜீரண மாத்திரை அட்டை இருந்தது. எங்கே அடைக்கிறது, காட்டுங்கள் என்றேன். விரலால் ஓரிடத்தைச் சுட்டவில்லை. உள்ளங்கையை விரித்து நெஞ்செலும்பின் மேல் வைத்து, மெல்ல மூடி முஷ்டியாக்கி அழுத்திக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆஞ்சியோவில் ஒரு பெரிய குழாயில் கடும் அடைப்பு. அன்றே மதுரைக்கு அனுப்பியதால் இன்று பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். உங்கள் கையை நான் பார்க்கவில்லை. ஆனால் 'நடுவில் ஒரு இறுக்கம்' என்று நீங்கள் எழுதிய சொல்லில் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

ஈ.சி.ஜி. நார்மல் என்கிறீர்கள். அது நீங்கள் படுத்திருந்தபோது எடுத்தது. இதுபோன்ற அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி. சுத்தமாகத்தான் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்த்து அது மலை ஏறுமா என்று சொல்ல முடியாது. இதோடு உங்கள் அப்பா 55 வயதுக்கு முன்பே மாரடைப்பில் போனது, உங்கள் ரத்த அழுத்தம், எல்லையில் நிற்கும் சர்க்கரை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நம் நாட்டவருக்கு மாரடைப்பு மற்ற பல நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் தெரிந்த விஷயம். 48 சின்ன வயது என்று நான் நினைக்கமாட்டேன்.

ஆகவே இதைப் படித்த நாளிலிருந்து சைக்கிள் வேண்டாம். மெதுவாகக்கூட வேண்டாம். இரண்டொரு நாளுக்குள் ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். காரைக்குடியிலேயே பார்க்கலாம், இல்லையென்றால் மதுரைக்குப் போங்கள். மேம்பாலத்தில் வருவதை அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைசி வாக்கியமாக அல்ல. அவர் எக்கோ எடுப்பார். டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்ப்பார் அல்லது நேரடியாகச் சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொல்வார். டிரெட்மில் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு நம்பக்கூடியதல்ல, சில அடைப்புகளைத் தவறவிடும். அதனால் டிரெட்மில் நன்றாக வந்தும் அவர் இன்னொரு பரிசோதனை கேட்டால் 'காசுக்காகச் சொல்கிறார்' என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்பும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அதற்குள் இறுக்கம் ஓய்வாக இருக்கும்போதே வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, உட்கார்ந்தும் ஐந்து பத்து நிமிடத்தில் போகாவிட்டாலோ, வியர்வையோடு தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

வீட்டில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இருட்டோடு கிளம்பிப் போகும் ஒருவருக்கு நெஞ்சில் என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். சைக்கிளை விற்கச் சொல்வார் என்று பயப்படுகிறீர்கள். மருத்துவர் வாயால் 'ஓட்டலாம்' என்று அவர் காதில் விழுந்தால் பயம் அங்கேயே தீரும். 'இப்போது வேண்டாம்' என்று விழுந்தால் அதுவும் அவர் கேட்டாக வேண்டிய சொல்தான்.

பழனிக்கு நடந்த கால்கள்

பாதயாத்திரையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. செட்டிநாட்டில் வளர்ந்த எவருக்கும் வராது. காவடிகளோடு நாள்கணக்கில் நடந்து, பிறகு நடந்தே திரும்பும் நகரத்தார் பெரியவர்களின் கால்களை நான் பார்த்திருக்கிறேன், கொப்புளங்களுக்கு மருந்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பொறுமை மலைக்கு நிச்சயம் உதவும். ஆனால் நடை என்பது நீண்ட நேரம் செய்யும் மென்மையான உழைப்பு. பேசிக்கொண்டே, பாடிக்கொண்டே நடக்கலாம். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது அதுபோல இரண்டு மூன்று மடங்கு உழைப்பு. குறுகிய குழாய் உள்ள ஒருவர் எட்டு முறை பழனிக்கு நடந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருக்கலாம். நடையில் தெரியாததைத்தான் மேம்பாலம் காட்டியிருக்கிறது.

பரிசோதனையில் அடைப்பு தெரிந்தால் இந்த ஜனவரி உங்களுக்கு இல்லை. மருந்தோ, ஸ்டென்டோ, அதற்குப் பிறகு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியான பயிற்சியோ செய்து, மறுபடி சைக்கிளில் ஏறியவர்கள் பலர் உண்டு. மலை அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். கட்டிய நுழைவுக் கட்டணத்தை நினைத்து ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள்.

எல்லாம் சுத்தமாக வந்து, 'தாராளமாக ஓட்டலாம்' என்று அவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இனி நான் எழுதுவது உங்களுக்கு. அப்போதும் ஏறக்குறைய ஒன்பது வாரம் கையில் இருக்கும், போதும்.

தட்டையான ஊரில் மலையைத் தேடுவது

முதலில் மலை என்ன கேட்கிறது என்று பார்ப்போம். உங்கள் எடை 84, சைக்கிள் 11, உடை, ஷூ, இரண்டு பாட்டில் தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் 5 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. அதை 1,100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் பயிற்சிக்குப் பின் 150 வாட் அளவுக்கு விடாமல் மிதிக்கலாம். அந்தக் கணக்கில் தூக்குவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம், சாலை உராய்வையும் சேர்த்தால் இரண்டேகால். அவகாசமோ மூன்றரை மணி. ஆகவே நீங்கள் யாரோடும் ஓட வேண்டியதில்லை, இடையில் இரண்டு முறை நின்று இளைப்பாறவும் நேரம் இருக்கிறது.

அறுபதாயிரம் ரூபாய்க் கேள்விக்கும் இதே கணக்கில் பதில் கிடைக்கிறது. நூறு கிலோவில் மூன்று கிலோ குறைந்தால் நூற்றில் மூன்று பங்கு. இரண்டேகால் மணி நேரத்தில் நான்கு நிமிடம்! அந்த நான்கு நிமிடத்துக்கு அறுபதாயிரம் வேண்டாம். அதில் மிகச் சிறிய பகுதியைக் கியருக்குச் செலவழியுங்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

பழகுவதற்கு மலை இல்லை என்று வருந்துகிறீர்கள். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊர். உண்மைதான். ஆனால் உங்கள் காலுக்குத் தெரிவது எதிர்ப்பு மட்டும்தான், அது மேட்டிலிருந்து வருகிறதா காற்றிலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் நமக்கு வடகிழக்குக் காற்று. அறந்தாங்கிச் சாலையில் போகும்போது அது முகத்தில் அடிக்கும். வாரத்தில் ஒரு நாள், மழை இல்லாத காலையில், அந்தக் காற்றுக்கு எதிராக எட்டு நிமிடம் அழுத்தமாக மிதித்து, நான்கு நிமிடம் ஆற அமரப் போங்கள். முதலில் மூன்று முறை. பிறகு நான்கு, ஐந்து. பிறகு எட்டைப் பன்னிரண்டாக்கி, கடைசியில் இருபதாக்குங்கள். மலையில் இரண்டு மணி நேரம் மிதியை நிறுத்த முடியாது, சமதரையில் அவ்வப்போது சும்மா உருளும் சுகம் அங்கே கிடையாது. இந்தப் பயிற்சி அதற்குத்தான்.

அழுத்தம் எவ்வளவு என்பதை வாயால் அளங்கள். ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும், ஆனால் கதை பேச முடியக் கூடாது. இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் அதிகம். உச்ச இதயத் துடிப்பு என்று கையில் கட்டும் வாட்ச் காட்டும் 220 கழித்தல் வயது என்ற கணக்கு ஒரு சராசரிதான். தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அவர்களுக்கு அந்தக் கணக்கு துளியும் பொருந்தாது.

வாரத்தில் இன்னொரு நாள் நீண்ட தூரம், மென்மையாக. நாற்பது கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஐந்து பத்துக் கிலோமீட்டர் கூட்டி எண்பதுக்கு வந்தால் போதும். நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள், தசை வலுப்படுவது அந்த ஓய்வில்தான். மூன்றாவதாக ஒரு நாள் உங்கள் வழக்கமான திருமயம். அதற்கு மேல் வேண்டாம். சைக்கிள் எடுக்காத இரண்டு நாள் குன்றக்குடி மலைப்படி ஏறி இறங்குங்கள், அல்லது வீட்டிலேயே உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யுங்கள்.

ஒரே ஒரு முறையாவது உண்மையான மலையில் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிறுமலை. திண்டுக்கல் பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு 20. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அன்று போடப்போகும் அதே சட்டை, அதே சாப்பாடு, அதே வேகத்தில் ஏறிப் பாருங்கள். எது சரிப்படவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள்.

பொங்கல் வாரத்தில் பயிற்சி கெட்டுவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாள் விட்டால் எதுவும் குறையாது. சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் திருப்பத்தூர்ச் சாலைப் பக்கமே சைக்கிளை எடுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முன்பு விடியுமுன்னே சாலையோரமாகப் பாதயாத்திரைக்காரர்கள் வருவார்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் கிளம்பக் கூடாது. எட்டு வருஷம் அந்தச் சாலையோரத்தில் நடந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முட்டி, சீட், கியர்

முட்டியின் முன்பக்க வலிக்குச் சைக்கிள்காரர்களிடம் நான் அடிக்கடி காணும் காரணம் இரண்டு: தாழ்ந்த சீட், கனமான கியர். சுவரோரம் சைக்கிளைச் சாய்த்து ஏறி உட்காருங்கள். குதிகாலை மிதியில் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும். உங்கள் கால் அப்படி நீளவில்லை என்றால் சீட்டை ஏற்றுங்கள், ஒரே நாளில் அல்ல, வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் கணக்கில். ஏற்றிய பிறகு முட்டிக்குப் பின்னால் இழுத்தால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரம், பின்னால் இருப்பவற்றில் பெரிய பல்சக்கரம் 28 பற்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செங்குத்தான இடத்தில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 34-க்கு 28 போட்டால் நிமிடத்துக்கு 49 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் முட்டியைப் பிழியும். பின்னால் 34 பல் உள்ளதை மாட்டினால் அதே வேகத்துக்கு 60 சுற்று வரும். வித்தியாசத்தை முட்டி உடனே சொல்லும். உங்கள் சைக்கிளில் செயினை நகர்த்தும் பின்பக்க அமைப்பு 34 பல்லைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு மாற்றுங்கள், செயினின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எளிய கியர் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள்.

இதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால், அல்லது முட்டி வீங்கினால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை, தண்ணீர், சாப்பாடு

நண்பர்கள் சொன்ன நாலு யோசனையில் மிக ஆபத்தானது வலி மாத்திரை. உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. டெல்மிசார்டான் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மாற்றுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இந்த இரண்டோடு டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற ஒன்றும் சேர்ந்து, கூடவே வியர்வையில் உடல் வறண்டால், சிறுநீரகம் திடீரென வேலைநிறுத்தம் செய்துவிடலாம். இதயத்துக்கும் நல்லதல்ல. அதைவிட முக்கியம், வலி என்பது நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு, அதை மாத்திரையால் வாயடைத்துவிட்டு ஏறக் கூடாது.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைப் போட்டால் கால் சோர்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வது வேறு வகை மாத்திரைக்கு ஓரளவு பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது. நீர் பிரிக்கும் பகுதி இருப்பதால், நீண்ட பயணம் போகும் நாளில் அதை எந்த நேரத்தில் சாப்பிடுவது, அதற்கு மாற்றாக வேறு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது அவர் முடிவு செய்ய வேண்டியது.

ஏறும்போது தண்ணீர் குடிக்காதே என்பது தவறு. அதற்காக இரண்டு மூன்று லிட்டரை வயிற்றில் ஊற்றிக்கொள்வதும் தவறு, உங்கள் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் குறையலாம். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், சிறு மடக்காக. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

கற்பூரம் தேவையில்லை. உயரத்தால் வரும் மூச்சுத் திணறலும் தலைவலியும் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போனால்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே மூச்சு வாங்கினால் அது உழைப்பால் வாங்குவது, காற்றுக் குறைவால் அல்ல. கியரைக் குறைத்தால் சரியாகும். கியரைக் குறைத்தும் நெஞ்சு இறுகினால் இறங்கி உட்காருங்கள், பரிசோதனை எல்லாம் நன்றாக வந்திருந்தாலும்.

முந்தின இரவு விருந்துச் சாப்பாடு, காரம், சுக்கா வறுவல் வேண்டாம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் போதும். காலையில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு நான்கு இட்லி, கொஞ்சம் சட்னி. ஏறும்போது மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. இரண்டு பழத்தை ஒரே மூச்சில் சாப்பிடாமல் அரைமணிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கந்தரப்பம் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் நிற்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சர்க்கரை எல்லையில் இருப்பதால் இந்த இனிப்பெல்லாம் பயணத்துக்கு மட்டும்தான், கடை கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அல்ல.

இறக்கம்

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள், நீங்களும் அப்படித்தான். ஆனால் எலும்பு முறிவதும் தலையில் அடிபடுவதும் பெரும்பாலும் இறக்கத்தில். நீங்கள் மலையிறக்கத்தில் ஒரு முறைகூட ஓட்டியதில்லை. சிறுமலை ஒத்திகை அதற்காகவும்தான்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள், நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்திக்கொண்டே போனால், விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் போகுமுன் மாற்றுங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். மலைச் சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி, பஸ் வந்தால் ஓரம் கட்டி நில்லுங்கள். தை மாதக் காலையில் மேலே நல்ல குளிர். வியர்த்த சட்டையோடு இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு நாளிதழை மடித்து வைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. எந்தக் கடையிலும் வாங்க வேண்டியதில்லாத கவசம் அது. ஹெல்மெட்டின் வார் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

கையெழுத்தும் சான்றிதழும்

அமைப்பாளர்கள் தரும் படிவத்தில் நெஞ்சுவலி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விகள் இருக்கும். 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் வழியில் மயங்கி விழுந்தால் ஓடிவருபவர் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான். அதில் உண்மை இருந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டது பின்னால் காப்பீடு கேட்கும்போதும் உங்களுக்கு எதிராகவே நிற்கும். ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயர், ரத்தப் பிரிவு, மாத்திரையின் பெயர், மனைவியின் கைபேசி எண் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை நான் தர முடியாது. உங்கள் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் 'மலை ஏறத் தகுதியானவர்' என்று எழுதி முத்திரை குத்தும் தாளுக்கு மதிப்பில்லை. யார் அப்படிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் நெஞ்சைப் பரிசோதிக்கும் இதய மருத்துவரிடம், அறிக்கைகளெல்லாம் கையில் வந்த பிறகு, உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அமைப்பாளர்கள் தந்த தாளையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு ஏற்றம், எத்தனை மணி நேரம் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.